அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை

எட்டாம் வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவளை இன்னொரு முறை அப்படிக் கூப்பிட்டதாகிவிடும். அவளுடைய அப்பா செய்யும் தொழிலையும், அவள் கன்னத்திலும் கைகளிலும் இருக்கும் வெண்புள்ளிகளையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்த பெயர் அது என்று மட்டும் சொல்கிறேன். அதை வைத்த பையனுக்குத் தமிழ் நன்றாக வரும். உவமை, உருவகம் என்று நான் கரும்பலகையில் எழுதிப்போட்டது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமும் அவளுடைய அம்மாவிடமும் கேட்டேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிடுகிறேன் என்றேன். "எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள் டீச்சர், கல் பற்றியதை மட்டும் மாற்ற வேண்டாம்" என்றாள். அதனால் அது அப்படியே இருக்கிறது.

அவள் ஆத்தங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா அங்கே தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் பள்ளி காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் இருக்கிறது. நகரத்தார் குடும்பம் ஒன்று படிப்புக்கென்று எழுதிக்கொடுத்த பழைய வீடும், அதற்குப் பின்னால் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் கட்டடமும்தான் பள்ளி. இந்தப் பக்கத்தில் இப்படி எத்தனையோ பள்ளிகள் உண்டு. முகப்பில் இருக்கும் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நின்று படம் எடுப்பார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்பது படத்தில் விழாது.

பெயர் வைத்ததோடு பிள்ளைகள் நிற்கவில்லை. அவள் எழுந்து போனதும் பெஞ்சைத் துடைத்தார்கள். அவள் கையிலிருந்து விடைத்தாள் கட்டு வந்தால் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து வாங்கினார்கள். குழாயில் அவள் தண்ணீர் பிடித்தால் அடுத்தவள் ஒரு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடித்தாள். சிறுபிள்ளை விளையாட்டு என்று இதைக் கடந்துபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிச் சீண்டலை முதன்முதலில் முறையாக ஆராய்ந்த, நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ், விளையாட்டையும் கொடுமையையும் பிரிக்க மூன்று குறிகள் சொன்னார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது. அந்த நாட்டில் 1982ஆம் ஆண்டின் கடைசியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், அடுத்த ஆண்டு நாடு முழுவதும் பள்ளிகளில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கியது. மூன்று குறிகளும் எங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தன. முப்பத்தெட்டுப் பேர் ஒரு பக்கம், அவள் ஒருத்தி ஒரு பக்கம்.

எங்கள் பள்ளி இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியை முன்னின்ற ஐந்து பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஜூன் 25 உலக வெண்புள்ளி நாள். அன்றைக்கு அறிவியல் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் சில இடங்களில் அழிந்துபோவதுதான் இது, தொட்டால் ஒட்டாது, தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று ஒரு பிரிவேளை முழுவதும் விளக்கினார். குஷ்டம் என்ற சொல் இனி இந்த வளாகத்தில் யார் வாயிலும் வரக் கூடாது என்றார். தலைமையாசிரியை ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார். ஆடி பிறப்பதற்குள் அந்தப் பெயர் வகுப்பில் நின்றுவிட்டது. பெஞ்சு துடைப்பதும் நின்றது. முடிந்தது என்று நினைத்தேன்.

நின்ற பிறகும்

முடியவில்லை. திங்கட்கிழமைகளில் அவள் வருவதில்லை. வந்த நாட்களில் கடைசி பெஞ்சின் சுவரோரம். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. பதில் தெரியாததால் அல்ல. அதே கேள்விக்குத் தேர்வுத்தாளில் சரியாக எழுதியிருப்பாள். பிறகு தேர்விலும் எழுதுவது குறைந்தது. ஒரு பிள்ளை பள்ளியில் ஈடுபாட்டோடு இருப்பதை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்: வந்து செய்வது ஒன்று, பள்ளியோடு மனம் ஒட்டுவது ஒன்று, பாடத்தில் மூளையைச் செலுத்துவது ஒன்று. எங்கள் வருகைப் பதிவேட்டுக்கு முதலாவதில் பாதிதான் தெரியும். உள்ளே வந்த உடம்பை எண்ணி ஒரு கோடு போடுகிறோம். அவளுடைய மற்ற இரண்டும் எப்போது போயின என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

நான் செய்தது அவளைப் புகழ்வது. தன்னம்பிக்கை வர வேண்டும் என்று நினைத்தேன். நீ கெட்டிக்காரி, உன் கையெழுத்துப் போல இந்த வகுப்பில் யாருக்கும் இல்லை என்று எல்லார் முன்னிலும் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை வணக்கத்தில் குறள் வாசிக்க அவளை மேடையில் ஏற்றினேன். அவள் மைக்கின் முன் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், புள்ளிகள் தெரியாமல் இருக்க. அறுநூறு பிள்ளைகள். ஒரு சொல் வரவில்லை. நான்தான் ஓடிப்போய் வாசித்து முடித்தேன். அடுத்த நான்கு நாட்கள் அவள் பள்ளிக்கு வரவில்லை. உயரத்தில் தூக்கி வைத்தால் விழுகிற பயம் போய்விடும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஆகஸ்டில், காரைக்குடியில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளான மாணவர்களைப் பள்ளியோடு மீண்டும் ஒட்டவைப்பது எப்படி என்பது தலைப்பு. பயிற்சி தந்த மனநல ஆலோசகர் 'சுயகருணை' என்ற சொல்லை எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்களிடம் தாங்களே கருணையோடு நடந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து கேட்டேன்: "அடித்தவர்களை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அடிவாங்கியவளுக்குப் பயிற்சி கொடுப்பது என்ன நியாயம்? அவளிடம் என்ன குறை, அவள் திருந்துவதற்கு?" கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். ஆலோசகர் கோபப்படவில்லை. "அடிக்கிற கையை முதலில் பிடிக்க வேண்டும். அதில் உங்களுக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. பிடித்த பிறகு என்ன என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்" என்றார். அது எனக்குப் பதிலாகத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதும் அந்தக் கோபத்தைக் கையோடு கொண்டுவந்தேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். கட்டுரைப் பயிற்சி. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். மின்விசிறி நின்றிருந்ததால் அறையில் சத்தமே இல்லை. அவள் ஒரு வரி எழுதி அடித்தாள். மறுபடி எழுதினாள், அதையும் அடித்தாள். பேனாவை வைத்துவிட்டு, உதடு மட்டும் அசைய, தனக்குத்தானே ஏதோ சொன்னாள். நான் இரண்டடி பின்னால் இருந்தேன். அவள் சொன்னது அந்தப் பெயர். அந்தப் பெயரோடு 'உனக்கெல்லாம் எதற்கு' என்று இன்னும் இரண்டு சொல். அதே ஏளனம், அதே இழுவை. வகுப்பு முழுவதும் விட்டுவிட்ட பெயரை அவள் விடவில்லை. முப்பத்தெட்டுப் பேர் செய்த வேலையை அவள் ஒருத்தி தன் தலையில் ஏற்றுக்கொண்டு, ஒரு நாள் விடுப்பில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

நான் அவளைக் கடந்து ஜன்னல் வரை போய் நின்றேன். என் வலது கை வாயை மூடியிருந்தது. அது என் பழக்கம். தேவகோட்டையில் நான் படித்தபோது என் எடுப்பான முன்பல்லுக்கு ஒரு பெயர் இருந்தது. கூப்பிட்ட யாரும் இப்போது என் பக்கத்தில் இல்லை, முகங்கள்கூட மறந்துவிட்டன. நாற்பத்தாறு வயதிலும் சிரிப்பு வந்தால் கை தானாக எழுந்து வாயை மூடுகிறது. அன்று சாயங்காலம் ஆலோசகருக்குத் தொலைபேசியில் பேசினேன்.

கருணை மதிப்பெண்

அவர் சொல்லித்தான் இந்தத் துறையில் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003ஆம் ஆண்டு சுயகருணைக்கு ஒரு வரையறை கொடுத்தார். நோகும்போது தன்னைத் திட்டாமல் தன்னிடம் இதமாக இருப்பது. இந்த நோவு எனக்கு மட்டும் வந்ததல்ல, மனிதப் பிறவிக்கு உள்ளது என்று உணர்வது. நோவை ஊதிப் பெருக்காமலும் ஒளித்து மறைக்காமலும் இருக்கிறபடியே பார்ப்பது. இந்த மூன்றும் சேர்ந்தது அது. அவரும் கிறிஸ்டபர் ஜெர்மர் என்ற உளவியலாளரும் சேர்ந்து இதை எட்டு வாரப் பயிற்சியாக்கினார்கள். பிறகு கேரன் புளூத், லொரெய்ன் ஹாப்ஸ் என்ற இருவர் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அதை மாற்றி அமைத்தார்கள். இங்கிலாந்து உளவியலாளர் பால் கில்பர்ட் சொல்வது என்னை அதிகம் உலுக்கியது. வெளியிலிருந்து ஒருவன் தாக்கவரும்போது உடம்பு எப்படிப் பதறுகிறதோ, அதே போலத்தான் உள்ளிருந்து நாமே நம்மைத் திட்டும்போதும் பதறுகிறது என்பது அவர் கருத்து. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு ஆடிக்குப் பிறகும் கேலி நிற்கவே இல்லை. நாங்கள்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு எழுதினோம்.

தன்னம்பிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் விளங்கியது. நான் அவளைப் புகழ்ந்தபோது, அடுத்தவரைவிட நீ ஒரு படி மேல் என்றுதான் சொன்னேன். மேலே ஏற முடியாத நாளில் அந்தப் பேச்சு கைவிட்டுவிடும். தோற்று நிற்கும் நாளில் கூட நிற்கும் ஒன்றுதான் அவளுக்குத் தேவைப்பட்டது.

ஆனால் தமிழில் இதை என்னவென்று சொல்வது? இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போயிற்று. தன்னிரக்கம் என்றால் நம் மொழியில் அது வசை. தன்னிரக்கத்தில் மூழ்கிக் கிடக்கிறான் என்போம். கழிவிரக்கம் அதைவிட மோசம். பிறருக்கு இரங்கினால் பெருமை, தனக்கு இரங்கினால் கேவலம் என்று மொழியே கோடு கிழித்து வைத்திருக்கிறது. கருணை என்று வைத்துக்கொண்டால், வகுப்பில் கேட்டுப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கருணை மதிப்பெண். தேறாதவனுக்கு மேலிருந்து போடுவது. அதை ஒரு பிள்ளை தனக்கே போட்டுக்கொள்ளச் சொல்ல முடியுமா? கடைசியில் நான் பிடித்துக்கொண்ட சொல் பரிவு. அதற்கு ஒரு காரணம் உண்டு. பரிந்து பேசுவது என்று நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வீட்டில் அப்பா திட்டும்போது அப்பத்தா குறுக்கே வந்து, "பச்சைப் பிள்ளையைப் போட்டு ஏன் இப்படி வறுக்கிறாய்" என்பாரே, அதுதான் பரிந்து பேசுவது. பிள்ளை செய்தது சரி என்று அப்பத்தா சொல்வதில்லை. பிள்ளையின் பக்கம் போய் நிற்கிறார், அவ்வளவுதான். தனக்காகத் தானே பரிந்து பேசுவது என்று சொன்னபோது எட்டாம் வகுப்புக்குப் புரிந்தது.

கண்ணை மூடச் சொன்னேன்

ஆலோசகர் ஒன்றை உறுதியாகச் சொல்லியிருந்தார். அவளைத் தனியே கூப்பிட்டு இதைச் செய்யாதீர்கள், அதுவும் ஒரு முத்திரையாகிவிடும். வகுப்புக்கே செய்யுங்கள் என்றார். தலைமையாசிரியை வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையைக் கொடுத்தார். முதல் வாரம் எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னேன், நெஞ்சில் கைவைத்து மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு சுண்ணாம்புக்கட்டி பறந்தது. அவள் மட்டும் கண்ணை மூடவே இல்லை. சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, கண்ணை இடமும் வலமும் ஓட்டிக்கொண்டு இருந்தாள். நான் எவ்வளவு யோசனையில்லாமல் நடந்துகொண்டேன் என்று அந்தக் கண்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த அறையில் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று அவள் ஓராண்டாகப் படித்திருக்கிறாள். கண்ணை மூடுவதற்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். அடிக்கிற கையைப் பிடிக்காத பள்ளியில் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முதலாவது நடக்காமல் இரண்டாவதைச் செய்தால், என் கோபம் நியாயமாகிவிடும்.

அடுத்த வாரம் கண்ணை மூடும் பேச்சே எடுக்கவில்லை. இந்தப் பயிற்சியில் உள்ளங்காலைக் கவனிப்பது என்று ஒன்று உண்டு. மனம் கொதிக்கும்போது கவனத்தைத் தலையிலிருந்து இறக்கி, கால் தரையில் படும் இடத்துக்குக் கொண்டுபோவது. கான்கிரீட் கட்டடம் அந்த வேளையில் அடுப்பாகக் கொதிக்கும் என்பதால் பிள்ளைகளைப் பழைய வீட்டின் நடுமுற்றப் பகுதியான வளவுக்கு அழைத்துப்போனேன். செருப்பை வாசலில் விட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அது எப்போதும் உள்ள வழக்கம். சுற்றுக்கட்டில் நிற்கவைத்து, காலில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். குளிர்கிறது என்றாள் ஒருத்தி. வழவழப்பு என்றான் ஒருவன். இங்கே ஒரு கீறல் இருக்கிறது டீச்சர் என்றது இன்னொரு குரல். பிறகு ஒரு பையன், "வெளியே இவ்வளவு வெயில் அடிக்கிறது, இது மட்டும் எப்படி டீச்சர் இப்படி வழவழவென்று இருக்கிறது? மெழுகு போடுவார்களா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன். சுவரோரத்திலிருந்து பதில் வந்தது. "கண்ணாடி."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள். முதலில் கீழே ஒரு கண்ணாடிப் பலகையை வைப்பார்கள். அதன் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூவின் அச்சு. சிமெண்டும் மணலும் சாயமும் கலந்த குழம்பை அச்சின் ஒவ்வொரு கண்ணிலும் கையாலேயே ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே வெறும் சிமெண்டும் மணலும் போட்டு நிரவுவார்கள். சூளையில் வைப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைத்து, பிறகு வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவரும். "கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் இந்தப் பக்கம். ஊற்றுகிறவருக்கு ஊற்றும்போது கல்லின் முதுகுதான் தெரியும். பூ கீழே இருக்கும்" என்றாள். ஜூனிலிருந்து அவள் வாயில் இத்தனை சொற்களை நான் சேர்ந்தாற்போலக் கேட்டதில்லை. அப்போது அந்தப் பெயரை வைத்த பையன் கேட்டான்: "நூறு வருசம் நடந்தும் பூ ஏன் தேயவில்லை?" நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "மேலே பூசியது இல்லை. கலந்தது" என்றாள்.

இது பயிற்சியின் பலனா, காலுக்குக் கீழே அவள் அப்பாவின் தொழில் இருந்ததன் பலனா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். பயிற்சியை மட்டும் செய்திருந்தால் அந்த வீட்டுக்குள் போயிருக்க மாட்டோம். வீட்டுக்கு மட்டும் போயிருந்தால் காலில் என்ன தெரிகிறது என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

இரண்டு பத்தி

பிறகு வந்த வாரங்கள் நேராகப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை தாளை இரண்டாக மடிக்கச் சொன்னேன். உன் சிநேகிதி கணக்கில் தோற்றுவிட்டாள், அவளிடம் என்ன சொல்வாய் என்று இடது பக்கத்தில். நீயே தோற்றால் உன்னிடம் என்ன சொல்லிக்கொள்வாய் என்று வலது பக்கத்தில். எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டாம், நானும் கேட்க மாட்டேன் என்றேன். இடது பக்கங்கள் வேகமாக நிறைந்தன. வலது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது, முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகளுக்கும்தான். பெயர் வைத்த பையன் மணியடித்த பிறகு என் மேசைக்கு வந்து, கேட்காமலே தாளை நீட்டினான். வலது பக்கத்தில் இருந்தவற்றில் இரண்டு சொல் அச்சில் ஏற்றக்கூடாதவை. "எங்கள் அப்பா சொல்வது டீச்சர்" என்றான். அதனால் அவன் செய்தது சரியாகிவிடாது. நானும் அன்றைக்கு அவனிடம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வகுப்புக்கே செய்யுங்கள் என்று ஆலோசகர் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருந்தது என்று அப்போது புரிந்தது.

அவள் அன்று தாளைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம், இடது பக்கத்தில் இருப்பதை வலது பக்கத்தில் எழுதிப்பாருங்கள் என்றபோது அழத் தொடங்கினாள். அடக்க முடியாத அழுகை. மூன்று நாள் வரவில்லை. கெடுத்துவிட்டேன் என்று பதறிப்போய் ஆலோசகரைக் கூப்பிட்டேன். இது எதிர்பார்ப்பதுதான் என்றார். பூட்டிய அறைக்குள் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பு, கதவைத் திறந்ததும் காற்றுப் பட்டு வெளியே பாய்வதுபோல என்று ஜெர்மர் இதை விளக்குகிறார். எனக்கு அதைவிட அருகில் தோன்றியது மரத்துப்போன கால். உட்கார்ந்திருக்கும் வரை வலிப்பதில்லை. எழுந்து இரத்தம் ஓடத் தொடங்கும்போதுதான் ஊசி குத்துகிறது. அதோடு ஆலோசகர் ஒன்று சொன்னார்: இனி அவளை வாரம் ஒருமுறை நானும் பார்க்கிறேன், இதை நீங்கள் தனியாகத் தூக்காதீர்கள். அதுதான் சரி. தமிழாசிரியைக்குத் தெரிந்தது ஓரளவுதான். ஒரு பிள்ளை வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ, சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தாலோ அது வெள்ளிக்கிழமைப் பிரிவேளையில் தீர்கிற காரியம் இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 என்ற இரண்டையும் எல்லா வகுப்புக் கதவுகளிலும் அப்போதுதான் எழுதிவைத்தோம். பள்ளி திறந்த முதல் நாளே எழுதியிருக்க வேண்டியவை.

அவளுடைய அம்மா ஒரு மாலை வந்தார். வளவில் உட்கார்ந்து பேசினோம். வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "அவள் அப்பத்தா, கண்டுகொள்ளாதே என்பார். நான், ஊரில் யாருக்குத்தான் இல்லை என்பேன். வேறு என்ன சொல்ல டீச்சர்?" என்றார். அன்போடு சொன்னவை அவை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானும் இதே சொற்களை எத்தனையோ பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார்க்கப் பார்க்க, நெஃப் சொன்ன மூன்றுக்கும் பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப் போலவே இருக்கும் ஒரு போலி நம் பேச்சில் இருப்பது தெரிந்தது. இருப்பதை இருக்கிறபடி பார் என்பதற்குப் பக்கத்தில் கண்டுகொள்ளாதே. இது மனிதருக்கெல்லாம் உள்ளது என்பதற்குப் பக்கத்தில் யாருக்குத்தான் இல்லை. ஒன்று, நீ தனியாக இல்லை என்கிறது. மற்றது, அதைப் பற்றிப் பேசாதே என்கிறது. சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதமாக இரு என்பதற்குப் பக்கத்தில் நாங்கள் ஆசிரியர் அறையில் சொல்லும் 'பாவம்' இருக்கிறது. பாவம் என்று சொன்ன வாய் அடுத்த நிமிடம் தேநீர் குடிக்கப் போய்விடும். அந்தப் பெண் இந்த மூன்றையும் வயிறு நிறையக் கேட்டிருந்தாள்.

மனிதருக்கெல்லாம் உள்ளது என்பதை வாயால் சொன்னால் போலியாகத்தான் விழும். அதனால் அடுத்த வெள்ளிக்கிழமை என் முன்பல்லைப் பற்றி வகுப்பில் சொன்னேன். வைத்த பெயரைச் சொல்லவில்லை. கை வாய்க்குப் போகும் பழக்கத்தைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மட்டும், "நீங்கள் இருமப் போகிறீர்கள் என்று நினைப்பேன் டீச்சர்" என்றாள். யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஏறக்குறைய மூன்று மாணவரில் ஒருவர், முந்தைய ஒரு மாதத்துக்குள் ஏதோ ஒரு சீண்டலுக்கு ஆளாகியிருந்தார் என்று இருக்கிறது. முப்பத்தொன்பது பேர் உள்ள வகுப்பில் அது பதின்மூன்று பேர். கடைசி பெஞ்சில் ஒருத்தியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மற்றப் பன்னிரண்டு பேர் யார் என்று இன்னும் முழுதாகத் தெரியாது.

இது போதாத இடம்

இந்த முறைக்கு ஆள் சேர்க்க நான் எழுதவில்லை. தன்மீது பரிவுள்ள பிள்ளைகளுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்து வருவதை அவை காட்டுகின்றன. எது எதற்குக் காரணம் என்று அதிலிருந்தே முடிவுகட்டிவிட முடியாது. நம் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி ஆபத்தும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு மாணவரை, சாதியின் பெயரால், உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. அந்த மாதிரி இடத்தில் போய், அடிபட்ட பிள்ளையிடம் உன்னிடம் நீ அன்பாக இரு என்று தொடங்குவது அநியாயம். கயிற்றை அவிழ்ப்பதும், பெயரை நிறுத்துவதும், பெஞ்சைத் துடைப்பவனைக் கூப்பிட்டுக் கேட்பதும் பள்ளியின் வேலை. அதைப் பிள்ளையின் மனத்துக்குள் தள்ளிவிட முடியாது. காரைக்குடியில் எழுந்து நின்று கேட்ட கேள்வியை நான் திரும்பப் பெறவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்பதைத்தான் பத்து நாள் கழித்து அவள் உதட்டிலிருந்து கேட்டேன்.

அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் வருகிறாள். எல்லாத் திங்களும் அல்ல. கடைசி பெஞ்சிலிருந்து நடு பெஞ்சுக்கு வந்திருக்கிறாள், அதுவும் சுவரோரம்தான். காலை வணக்கத்தில் வாசிக்கிறாயா என்று நான் மறுபடி கேட்கவில்லை. கரும்பலகையில் அலகிட்டு வாய்பாடு எழுதும்போது ஒருமுறை தவறு செய்தாள். கை நின்றது. உதடு அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. கால்விரல்கள் தரையில் அழுந்தின. கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, அழித்துவிட்டு எழுதினாள். மறுபடியும் தவறாகத்தான் எழுதினாள். திரும்பி என்னைப் பார்த்து, "மூன்றாவது சீர் வரவில்லை டீச்சர்" என்றாள்.

ஆண்டு விழாவுக்கு முன்னால் வகுப்புவாரியாகப் படம் எடுப்பது எங்கள் வழக்கம். ஏழாம் வகுப்புப் படத்திலும் எட்டாம் வகுப்புப் படத்திலும் அவள் இல்லை. இரண்டு முறையும் அந்த நாளில் விடுப்பு. இந்த முறை வந்திருந்தாள். பழைய வீட்டு முகப்பில் நிறுத்தினார்கள். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் நின்றாள், முழுக்கை உடுப்பு இல்லாமல். நான் முன்வரிசை நாற்காலியில் இருந்தேன். படம் எடுப்பவர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "டீச்சர், கை."